டீட்டுக்குப் பயம், புகையிலைத் தண்ணிக்குப் பயமில்லை

மூணாறு, வால்பாறை, கொழுக்குமலைப் பக்கம் மழைக்காலத்தில் நடக்கப் போகிறவர்களில் பலர், டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டியை "கெமிக்கல், நரம்புக்குக் கெடுதல்" என்று ஒதுக்கிவிட்டு, புகையிலை ஊறிய தண்ணீரில் சாக்ஸை நனைத்து மாட்டிக்கொள்கிறார்கள். அட்டை கிட்டே வராதுதான். ஆனால் நிக்கோட்டின் ஈரத்தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். பாதி ஏற்றத்தில் தலைசுற்றி வாந்தி வந்தால் காலைச் சாப்பாட்டின் மேல் பழி. ஈரப் புகையிலை பறிக்கும் கூலிக்காரர்களுக்கு வருவதும் இதேதான். இலையிலிருந்து வந்தால் விஷமில்லை என்று யார் சொன்னது?

டீட் 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, 1957 முதல் பொதுப் புழக்கத்தில் இருக்கிறது. வலிப்பு போன்ற கடும் பாதிப்புகள் மிக அரிது. அவற்றிலும் பல, குடித்ததாலோ அளவுமீறிப் பூசியதாலோ வந்தவை.

விரட்டியில் டீட்டின் சதவீதம் கூடினால் தாக்குப்பிடிக்கும் நேரம்தான் கூடும். 50-ஐத் தாண்டினால் அதுவும் பெரிதாகக் கூடாது. ஒரு பகல் நடைக்கு 20 முதல் 30 சதவீதம் தாராளம். நம்மூர் கொசு க்ரீம்கள் பலவற்றில் இருப்பது டைஎதில் பென்சமைடு. அது டீட் இல்லை, லேபிளைப் பாருங்கள்.

முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் விரட்டி. இரண்டும் கலந்த க்ரீம் வேண்டாம்: வெயிலுக்காக இரண்டு மணிக்கொருமுறை பூசப் போய் டீட் அளவு எகிறிவிடும். முகத்துக்கு ஸ்ப்ரே அடிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். கண், வாய், சிராய்ப்பு, குழந்தைகளின் கை, இவற்றில் படக்கூடாது. துணி மூடும் இடத்தில் பூசவே வேண்டாம். முழங்கை மடிப்பில் பூசியதைக் கழுவாமல் படுத்தால் காலையில் தோல் கொப்பளித்திருக்கும். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஓடையில் அல்ல.

டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு போனை எடுத்தால் கவரில் விரல் ரேகை பதிந்துவிடும். கூலிங் கிளாஸ், வாட்ச் பட்டை, ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் துணி எல்லாம் வீண். பருத்திக்கு ஒன்றும் ஆகாது. இந்தத் தொல்லை வேண்டாமென்றால் 20 சதவீதப் பிக்காரிடின் என்ற வேறொரு விரட்டி நல்லது.

அட்டைக்கு முழங்கால்வரை வரும் நெருக்கமான பருத்தி அட்டைச் சாக்ஸ்தான் முதல் காவல். விரட்டியை அதன் வெளிப்பக்கமும் ஷூ விளிம்பிலும் அடியுங்கள். ஓடையைக் கடந்தால் மறுபடி.

அட்டை ஓய்ந்த வறட்சியில் உண்ணி வரும். வயநாட்டுப் பக்கம் குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். அதற்கு 0.5 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு, ஆனால் துணிக்கு மட்டும். முந்தின நாளே அடித்து, நன்றாகக் காயவிட்டு உடுத்த வேண்டும். அது கிடைக்கவில்லையென்று மாட்டு உண்ணி மருந்தைக் கலக்கிச் சட்டையில் தெளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது துணிக்குச் செய்த மருந்தே இல்லை, அளவும் கரைப்பானும் வேறு.

உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பில் கடிபட்ட தடமாகக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதையும் காட்டுங்கள்.