யாருக்கு என்று கேட்காமல் நீட்டப்படும் ஆயிரம் பக்கங்கள்

கும்பகோணத்தில், மந்திரமும் மாய உலகமுமாக எழுதப்படும் ஃபேண்டஸி நாவல் படிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாலைந்து பேரும் பிறருக்குப் புத்தகம் சொல்லும் அழகைப் பார்த்தால், நாடி பிடிக்காமலே வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே லேகியத்தை உருட்டித் தரும் வைத்தியர்தான் நினைவுக்கு வருகிறார். ‘உலகக் கட்டமைப்பு பிரமாதம்’ என்பார்கள். ‘மேஜிக் சிஸ்டம் வேற லெவல்’ என்பார்கள். படிக்கப்போகிறவருக்கு என்ன வயது, ஆங்கிலம் எவ்வளவு ஓடும், நாளைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கோடை விடுமுறைக்கு மன்னார்குடியிலிருந்து வந்த அக்கா மகள், ஏழாம் வகுப்பை முடித்தவள், டிராகன் வரும் பெரிய கதையாக ஒன்று வேண்டும் என்றாள். நண்பர் ஒருவர் நொடியும் யோசிக்காமல் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்றார். நானும் படித்துப் பார்க்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஓர் ஆணும் பெண்ணும் கூடியிருப்பதைப் பார்த்துவிட்ட சிறுவன் கோபுரச் சன்னலிலிருந்து தள்ளிவிடப்படும் இடத்தை எட்டியவள், இரவுச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னிலையிலும், “மாமா, அவங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கதானே?” என்று கேட்டாள். அக்கா சாம்பார்க் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. 1996இல் வந்த அந்த நாவல் மோசமானதல்ல. அதிகாரப் போட்டியை அவ்வளவு இரக்கமில்லாமல் எழுதியவர்கள் குறைவு. ஆனால் அது பெரியவர்களுக்கானது. அதோடு, ஐந்தாம் பாகம் 2011இல் வந்து நிற்கிறது, ஆறாவது இன்னும் வரவில்லை என்பதையும் நண்பர் சொல்லவில்லை. கூரை போடாத வீட்டைக் கிரயம் பேசுகிறவர்கூட அதை முதலில் சொல்லிவிடுவார்.

அடுத்து என் அப்பா. ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஆடி பிறந்தால் ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் மறுபடி எடுத்துவிடுவார். அவருக்கு ஸ்டீவன் எரிக்சனின் பத்துப் பாக மலாசான் தொடர் பொருந்தும் என்றார் அதே நண்பர்: “பாத்திரங்கள் நிறைய இருந்தா அப்பாவுக்குப் பிடிக்குமே!” எண்ணிக்கையா இங்கே சிக்கல்? கல்கி, வந்தியத்தேவன் கூடவே நம்மையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு, வீராணம் ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொருவரிடமாக அழைத்துப் போகிறார். எரிக்சனோ 1999இல் வந்த முதல் பாகத்திலேயே, எந்தத் தெய்வம் யார் பக்கம், எந்த மந்திரம் எதற்கு என்று எதையும் விளக்காமல், வேண்டுமென்றே நம்மை நடுப்போரில் இறக்கிவிடுகிறார். அதை ரசிப்பதற்கென்றே வாசகர்கள் இருக்கிறார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதிப் படிப்பவர் அவர்களில் ஒருவரல்லர். நாற்பதாம் பக்கத்தோடு பென்சில் குறிப்புகள் நின்றுவிட்டன. அப்பா முன்பக்க வரைபடத்தை மட்டும் கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இத்தனை படை நடக்குதே, இவங்களுக்கெல்லாம் நெல்லு எங்கே விளையுது?” என்று கேட்டார். தஞ்சாவூர்க்காரருக்கு அதுதானே முதல் கேள்வி!

“டோல்கீன் படிங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் இதே அலட்சியம்தான். அந்த ஆங்கில எழுத்தாளரின், 1937இல் வந்த ‘ஹாபிட்’ குழந்தைகளை உட்காரவைத்துச் சொன்ன கதை. அவர் மறைந்தபின் 1977இல் வந்த ‘சில்மரில்லியன்’ ஏறக்குறைய புராணம். எதைச் சொல்கிறீர்கள் ஐயா?

எனக்கே நேர்ந்தது இன்னொன்று. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கி, 2007இல் அவர் இறந்தபின் பிராண்டன் சாண்டர்சன் எழுதிய மூன்று பாகங்களோடு 2013இல் முடிந்தது. மொத்தம் பதினான்கு பாகங்கள். “முதல் மூணு பாகத்தைப் பொறுத்துக்கிட்டா நாலாவதுல சூடு பிடிக்கும்” என்றார்கள். தினமும் தஞ்சாவூருக்குப் பேருந்தில் போய் வரும்போது அரை மணி நேரம் மட்டும் படிக்கக் கிடைக்கிறவன், சூடு பிடிப்பதற்காக 2000 பக்கம் காத்திருக்க வேண்டுமாம். அதே சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகங்கள் 2006க்கும் 2008க்கும் இடையில் வந்து, அந்தக் கதை அங்கேயே முடிந்துவிட்டது, ஆங்கிலமும் எளிது. உலோகத்தை விழுங்கினால் சக்தி, எந்த உலோகத்துக்கு எந்தச் சக்தி என்பதற்கு ஒழுங்கான விதி. என்னைப் போன்றவனுக்கு அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அக்கா மகளுக்குப் பிறகு நானே தேடி, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’யை முழுதும் படித்துவிட்டுக் கொடுத்தேன். சுமார் 200 பக்கம், டிராகனும் உண்டு. ஒன்றின் உண்மையான பெயரை அறிந்தவன் அதை ஆளலாம் என்பதை அவள் விளக்கியபோது, கடைசிவரை தாத்தாவின் பெயரை வாயால் சொல்லாத எங்கள் பாட்டி, இதில் என்ன அதிசயம் என்பதுபோல வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று நண்பர் மறுபடி அழைத்தார். புதிதாக ஒரு தொடராம், அவசியம் படிக்க வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். “ஃபேண்டஸி பிடிச்சவங்களுக்கு” என்றார்.