அந்தப் பையன் என்ன விளையாடுகிறான் என்று யாராவது கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப் பாக்கியில்லாமல் சுற்றுகிறது. அதனால் நடந்ததை முழுக்க எழுதப்போவதில்லை. எந்தப் பள்ளி, பேச வந்த பெரியவர் யார் என்பதும் இங்கே வேண்டாம். "கேம் விளையாடுறவன்லாம் கையைத் தூக்கு" என்று கேட்டுவிட்டு, உண்மையைச் சொல்லிக் கை தூக்கிய ஒன்பதாம் வகுப்புப் பையனை மேடைக்கு இழுத்து, "இனிமே தொடமாட்டேன்னு மைக்ல சொல்லு" என்றாரே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "இன்னைக்கு கேம், நாளைக்கு ரம்மி, அதுக்கு மறுநாள் அப்பன் நிலத்தை வித்துருவான்" என்றதும் பந்தலே சிரித்தது. மைக்கைப் பிடித்த பையனின் கை நடுங்குவது வீடியோவில் நன்றாகவே தெரிகிறது.

அவன் என்ன விளையாடுகிறான் என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஞாயிறு முதல் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

ரம்மி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காசு கட்டி, காசு ஜெயிக்கும் ஆசையில் ஆடுவது சூது. கையில் சீட்டைக் கொடுத்தாலும் சரி, போனில் கொடுத்தாலும் சரி. அதில் வீட்டை இழந்தவர்களை எனக்கும் தெரியும். 2022-ல் நம் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023-ல் மறுபடி நிறைவேற்றியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, போட்டியாக ஆடும் வீடியோ கேமான இ-ஸ்போர்ட்ஸை வளர்க்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. மேடையில் நிற்பவருக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

உடனே ஒருவர் வருவார். "உலக சுகாதார நிறுவனமே இதை நோய் என்று சொல்லிவிட்டதே" என்பார். ஆமாம், சொல்லியிருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்ற பெயரில் அது இருக்கிறது. அதைச் சொல்ல என்னென்ன அறிகுறிகள் வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. நிறுத்த முடியாமல் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாக வேண்டும், கெடுதல் நடந்த பிறகும் தொடர வேண்டும், அதுவும் பொதுவாக ஒரு வருடமாவது. விளையாடுகிறவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அப்படி ஆகிறது என்பதும் அவர்கள் சொன்னதுதான். அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன். மைக் முன்னால் நிறுத்தி எந்த நோயையும் யாரும் குணப்படுத்தியதில்லை. கண் கெட்டுப்போகும் என்பவர்களுக்கு, இரவு பதினொரு மணி வரை சீரியல் ஓடும் வீடுகளில் நானும் வளர்ந்தவள்தான் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இது எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். பெரியப்பா வீட்டில் டிவி கேம் வாங்கினார்கள். மஞ்சள் கேசட். ஓடவில்லை என்றால் எடுத்து ஊதிவிட்டுச் செருக வேண்டும். எங்கள் செட்டில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவன் கையில். பெண் பிள்ளை என்பதால் எனக்கு எப்போதும் இரண்டாவதுதான். கான்ட்ரா என்ற கேமில் மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு ஏறினால் திரையும் கூடவே மேலே போய்விடும், கீழே நிற்பவர் செத்துவிடுவார். அண்ணன் முதலில் பாய்ந்து பாய்ந்து போவான், நான் செத்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் ஒருநாள் அவனாகவே ஒரு பாறையில் நின்று, "வா, வா, இப்ப தாவு" என்றான். மேடு பள்ளமே இல்லாத பாமணியாற்றுக் கரைக்காரி நான், மலையையும் அருவியையும் அங்கேதான் முதலில் ஏறினேன். வீட்டில் ஆண் பிள்ளை ஒருவன் எனக்காகக் காத்து நின்றதையும் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

"வெளியே போய் விளையாடச் சொல்லுங்கள், மண்ணில் விளையாடினால்தான் உடம்பு உரமாகும்" என்று வீடியோவின் கீழே எத்தனை கமென்ட். என்னை விளையாட விட்டீர்களா? வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து தெருவில் இறங்கினால் "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஆட்டம்" என்று சொன்னது யார்? சம்பா அறுத்துக் காய்ந்த வயலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தேன். அவர்கள் பிரவுசிங் சென்டரில் வரிசையாக உட்கார்ந்து கவுன்டர் ஸ்டிரைக் ஆடிய காலத்தில் அந்த வாசல்படியை நான் மிதித்ததில்லை. பல்லாங்குழியும் தாயமும் கொடுத்தீர்கள், அதையும் விரும்பித்தான் ஆடினேன். ஆனால் ஓடவும் தாவவும் தோற்றுத் தோற்று மறுபடி எழவும் எனக்கு மிச்சமிருந்த ஒரே மைதானம் அந்தத் திரைதான். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போ என்று அது என்னை விரட்டியதில்லை. இதைச் சொன்னால் "அது வேற, இது வேற" என்பீர்கள். என்ன வேறு? சொல்லுங்கள், கேட்கிறேன்.

சரி, பையன் விஷயத்துக்கே வருகிறேன். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவன் அதைக் கனவு காண்கிறானோ என்னவோ. அதே வருடம் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அழிந்தும் கறைபட்டும் போன அம்மாவின் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, விடுபட்டதை நாமே யோசித்து இட்லி வேகவைக்க வேண்டும். மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குத்தான் கிடைத்தது. பிள்ளையோடு இங்கிலீஷில் பேச முடியாமல் தவிக்கும் அந்தத் தாயைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். இப்படியொன்றைச் செய்யும் ஆசைகூட அந்தப் பையனுக்கு இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்!

"கேம் ஆடும்போது பேசிக்கொள்ளும் வாய்ஸ் சாட்டில் கெட்ட வார்த்தைதான் கற்றுக்கொள்கிறார்கள்" என்பது மட்டும் எனக்கும் வலிக்கிற குற்றச்சாட்டு. உண்மை இருக்கிறது. பெண் குரல் கேட்டதும் அசிங்கமாகப் பேசும் கூட்டம் உண்டு. மைக்கை அணைத்துவிட்டுத்தான் பல இடங்களில் ஆடுகிறேன். அதைத் திருத்த வேண்டும் என்று எங்கள் ஆட்களிடமே சண்டை போடுகிறவள் நான். ஆனால் மனிதர்களையும் நான் சம்பாதித்தது அங்கேதான்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற போன் கேமில் எங்கள் கிளான், அதாவது சேர்ந்து ஆடும் குழு, அப்போது இன்னொரு கிளானோடு வாரில் இருந்தது. நான் ஒரு அட்டாக்கும் போடவில்லை. போன் உயிர் பெற்று உள்ளே போனபோது கிளான் சாட்டில் "அக்கா ஊர் டெல்டாதானே, யாருக்காவது நம்பர் தெரியுமா", "அக்கா, ஆன்லைன் வந்தா ஒரு வார்த்தை போடுங்க" என்று வரிசையாகக் கிடந்தது. முகம் தெரியாத பிள்ளைகள். தலைவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர்களே காசு போட்டு, ஒரு டாடா ஏஸில் தார்ப்பாய், மெழுகுவத்தி, அரிசி, பெண்களுக்கான நாப்கின் வரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் மறித்த ஊர்க்காரர்களுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியோடு எங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். இவர்களைத்தான் அன்று மேடையில் உருப்படாதவர்கள் என்றார்கள். அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

சித்தப்பா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நம் குடும்பக் குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டு, "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று எழுதியது நீங்கள்தான். கஜாவில் உங்கள் வீட்டுக் கூரை போனபோது மேலே கட்டிய நீலத் தார்ப்பாய் அந்த டாடா ஏஸில் வந்தது. கயிற்றை இழுத்துக் கட்டியவன் பப்ஜி பைத்தியம் என்று பேர் வாங்கிய கரூர்ப் பையன். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் நீங்கள்தான். என்னைப் பற்றி எழுதியதை நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு சின்னப் பையன் நடுங்கி நிற்பதைக் குரூப் குரூப்பாக அனுப்புவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கே அதை நீக்கிவிடுங்கள்.