புழலில் ‘மனு’ பார்க்க (கைதியைச் சந்திக்க) வக்கீல் வேண்டுமா?

“வக்கீல் கையெழுத்தும் கட்டணமும் இல்லாமல் புழல் சிறையில் யாரையும் பார்க்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ரத்த சொந்தங்கள் நேரடியாகவே மனு போடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் இடைத்தரகர்தான்.

கையில் முக்கியமாக இருக்க வேண்டியது அடையாள அட்டை, அசல். ஆதார் போதும். எந்தச் சிறை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: தண்டனைக் கைதிகளுக்குப் புழல் 1, விசாரணைக் கைதிகளுக்குப் புழல் 2, பெண்களுக்குத் தனிச் சிறை. வாசல் மாறி நின்று அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு, பாவம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள்.

வழக்கு நடத்த வக்கீல் தேவையென்றால், காவலில் இருப்பவருக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு: கூப்பிட வேண்டிய எண் 15100.