21 நாள் கணக்கு
கறவை மாடு வளர்ப்பில் ஆலோசனை கிடைத்த பண்ணையாளருக்கு வருமானம் கூடுகிறது, பால் அளவு உயர்வதே அதற்குச் சான்று என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்கிறது. பால் கூடுவதும் கையில் காசு நிற்பதும் ஒன்றல்ல. நான் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில். மன்னார்குடிப் பக்கம் அக்கா வீட்டில் நான்கு கறவை மாடுகள். முதலில் வந்த ஆலோசகர் தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனத்தைக் கூட்டச் சொன்னார். பால் கூடியது சரி, தீவனக் கடை பாக்கியும் கூடவே ஏறியது. அதை அடைக்க இங்கிருந்து நான்தான் பணம் அனுப்பினேன். அப்புறம் வந்த கால்நடை மருத்துவர் சொன்னதற்குப் பெரிய செலவே இல்லை: மாடு சினை பிடிக்கத் தயாராகும் சினைப்பருவத்தின் அறிகுறி காலையில் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது வர ஏறக்குறைய 21 நாள் ஆகும்; கன்று ஈனுவதும் அவ்வளவு தள்ளிப்போகும், அத்தனை நாள் தீனியும் நம் கணக்கில்தான். அக்கா இதையெல்லாம் காலண்டரில் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் பணம் தங்குகிறது. ஆலோசனை எல்லாமே தீவனம் விற்கத்தான் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மருத்துவர் எங்களிடம் ஒரு மூட்டைகூட விற்கவில்லை.