லார்ச் மரம் எரியாதா? பரவும் செய்தியும் உண்மையும்

குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரமான லார்ச்சின் பலகை எந்த நெருப்பிலும் எரியாது என்று பகிரப்பட்டுவரும் செய்தி உண்மையன்று. சீசரின் படை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கோட்டை ஒன்றை முற்றுகையிட்டபோது, லார்ச் மரத்தாலான கோபுரம் தீ வைத்தும் சேதமின்றி நின்றதாக ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதியதையே இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். லார்ச், ஊசியிலை மரங்களில் அடர்த்தி மிகுந்தவற்றுள் ஒன்று என்பது சரிதான். கனத்த உத்தரத்தில் தீப்பற்றினால் மேற்புறம் முதலில் கரியாகி, அந்தக் கரிப்படலம் வெப்பம் உள்ளே செல்வதைத் தாமதப்படுத்துவதால், நடுப்பகுதி சிறிது நேரம் வலுவிழக்காமல் தாங்கும். ஆனால் இது தடித்த மரம் எதற்கும் பொதுவான இயல்பு. மெல்லிய பலகையும் பிசின் ஊறிய சிராயும் எளிதில் தீப்பற்றும். லார்ச் விறகாகவும் எரிக்கப்படுகிறது. வெளிச்சுவருக்கு இப்பலகையைப் பதிப்போர், கட்டட விதிகள் கோரும் தீத்தடுப்பு ஏற்பாட்டை இச்செய்தியை நம்பிக் கைவிடுவது மிகவும் ஆபத்தானது.