மூளை சுரப்பது ரி.எச்.சி. அல்ல

அண்ணா, கஞ்சாவில் உள்ள, போதை தரும் பொருளான ரி.எச்.சி.யை (THC) நம் மூளையே சுரக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறீங்கள். திருகோணமலை ஆக்கள் பலர் பகிர்ந்தும் விட்டாங்கள். மூளை உண்டாக்குவது வேறு: அனந்தமைட் என்ற கொழுப்புச் சேர்மம். 1992இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலத்தின் குழு பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. இரண்டுமே நரம்புக்கலங்களில் இருக்கும் சி.பி.1 (CB1) என்ற ஏற்பியில் போய் ஒட்டும், குழப்பம் வருவது அதனால்தான் (நியாயமான குழப்பம்தான்). ஆனால் அனந்தமைட்டை நரம்புக்கலம் தேவைப்படும்போது உண்டாக்கும், ஒரு நொதியம் விரைவாக உடைத்துவிடும். ரி.எச்.சி. கனநேரம் நிற்கும்.

வேதிச் சேர்மங்களின் விவரம் தரும் பப்கெம் (PubChem) இணையத்தளத்தில் இரண்டின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கோ, இலவசம். அனந்தமைட்டின் சூத்திரத்தில் ஒரு நைதரசன் அணு இருக்கும். ரி.எச்.சி.யில் நைதரசனே இல்லை.