150 வெள்ளி யாருக்குப் போகிறது?

சிங்கப்பூரின் கசினோ நுழைவுக் கட்டணம் பற்றி எழுதிய ஒருவர், “குடிமக்கள் கட்டும் 150 வெள்ளி கசினோவின் வருமானம், ஒருவர் உள்ளே போக முடிவெடுத்தால் குடும்பத்தால் தடுக்கவே முடியாது” என்கிறார். இரண்டுமே தவறு.

அந்த நுழைவுக் கட்டணம் மரினா பே சேண்ட்ஸுக்கோ செந்தோசா கசினோவுக்கோ சேர்வதில்லை. டோட் போர்டு என்ற அரசு வாரியத்துக்குப் போய்ச் சமூகப் பணிகளுக்குச் செலவாகிறது. 2010இல் கசினோக்கள் திறந்தபோது 100 வெள்ளி. 2019 ஏப்ரலில் 150 ஆனது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டும். 24 மணி நேரம் செல்லும். ஆண்டுக்கு மொத்தமாக என்றால் 3,000.

அப்புறம், குடும்பத்தால் முடியாது என்பது. இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என் அக்கா, மாமாவின் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையில் ஒரே வாரத்தின் மூன்று கட்டண ரசீதுகள் இருந்தன. 450 வெள்ளி, அதுவும் ஆடுவதற்கு முன்பே! கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாராக இருந்தாலும் சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்தில் ஒருவர் கசினோவுக்குள் போக முடியாதபடி குடும்பத் தடையாணைக்கு விண்ணப்பிக்கலாம். குழு ஒன்று இரு தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்யும். அக்கா அப்படித்தான் வாங்கினாள். விண்ணப்பிக்கும் முன் பல நாள் தூங்கவில்லை, பாவம்.

தானாகவே தடை கேட்கவும் வழி உண்டு. வேலை அனுமதியில் இருக்கும் நம் தம்பிகளும் கேட்கலாம். அவர்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் அது இன்னும் அவசியம். உதவி எண் 1800-6-668-668.